‘வாலிபர் சாளரம்’ இதழில் வராத வரி

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் விளையாட்டாக என் மகளின் கட்டைவிரல் நகத்தில் சிவப்புச் சாயம் தடவிவிட்டாள். மகளுக்கு ஒன்பது மாதம். கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குள் போகிற வயது. சாயம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரிடம் ஓடலாமா, ஓடினால் சிரிப்பாரா, சிரித்தால்தான் என்ன என்று வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் மூன்று தடவை நடந்தேன். கடைசியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பழைய துணியால் அந்த நகத்தைத் துடைக்க உட்கார்ந்தபோதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தோடு மண்ணெண்ணெய் கலந்தாற்போல, லேசாகத் தலையைச் சுற்ற வைக்கும் வாசனை.

எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை அது. ஆனால் நகச்சாயத்தில் அல்ல. கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம், ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை, ஹட்டன் டவுனில் எங்கள் வேதக்கோயிலை ஒட்டிய சின்ன அறையில் அந்த வாசனைக்குள்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ‘வாலிபர் சாளரம்’ என்ற பத்திரிகைக்கு ஸ்டென்சில் எழுதுகிறவள் நான்.

நீங்கள் ஸ்டென்சில் எழுதியிருக்கிறீர்களோ என்னவோ. அது மெழுகு பூசிய ஒரு தாள். அதில் இரும்பு எழுத்தாணியால் எழுதினால் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். பிறகு அதை ரோணியோ மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், அந்த வழியாக மை கசிந்து வெள்ளைத் தாளில் எழுத்து விழும். அழுத்தி எழுதினால் தாள் கிழியும். அழுத்தாமல் எழுதினால் எழுத்தே வராது. தப்பு வந்துவிட்டால் அந்த இடத்தை மூட ஒரு சின்னக் குப்பியில் திரவம் இருக்கும். மூடியிலேயே ஒரு தூரிகை. அதைத் தடவிக் காயவிட்டு, மேலேயே வேறு எழுதிக்கொள்ளலாம். அந்தத் திரவத்தின் வாசனைதான் நான் சொன்னது. ஒரு மாதத்துக்கு ஒரு குப்பி எனக்குப் போதாது. எழுதின ஒவ்வொரு சொல்லையும் இது சரிதானா என்று திரும்பிப் பார்க்கிற சுபாவம். மற்ற சபைகளில் ஒரு குப்பி ஒரு வருஷம் வருமாம். எங்களுடையது மட்டும் குடித்துவிட்டாற்போல் தீர்ந்துபோகிறது என்று ஜெபராஜ் அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

ஜெபராஜ் அண்ணன்தான் ஆசிரியர். பிழைப்புக்குச் செய்த வேலை, டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் விற்பனை. பத்திரிகைக்கு வேண்டிய தாளை அந்த முதலாளியே மலிவாகக் கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம் இந்த மாதம் எந்தப் படத்தைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பாராம். ஏனென்றால் எங்கள் பத்திரிகையின் உயிரே சினிமாப் பக்கம்தான். ‘படமும் பாடமும்’ என்று அதற்குப் பெயர். கோயிலுக்கு வருகிற இளவட்டங்கள் எல்லாரும் படம் பார்க்கிறார்கள், வானொலியில் பாட்டுக் கேட்கிறார்கள். பார்க்காதே, கேட்காதே என்று சொல்வதைவிட, பார்த்ததை வைத்துக்கொண்டே வேதத்தைப் பேசினால் என்ன என்பது அண்ணனின் கட்சி. ஒரு படத்தின் கதையை முதலில் சுருக்கிச் சொல்வார். பிறகு அதில் வருகிற கோபத்தையோ மன்னிப்பையோ பிடித்துக்கொண்டு வேதத்துக்குள் போவார். போகிற வழி சில மாதங்களில் கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். சண்டைக்காட்சியிலிருந்து சாந்தகுணத்துக்குப் போவது லேசுப்பட்ட காரியமா?

சபை மூப்பர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. சினிமாக் கொட்டகை சாத்தானின் கூடாரம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். அடுத்த மாதம் பெயர் போடாத கடிதம் ஒன்று வந்தது: “சென்ற இதழில் கதாநாயகியின் தம்பி லாரியில் அடிபட்டதாக எழுதியுள்ளீர்கள். அவன் அடிபட்டது பஸ்ஸில்.” கையெழுத்து மூப்பருடையது. அண்ணன் அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. என்னிடம் மட்டும் காட்டினார். பிழைதிருத்தம் போட்டோம். அதற்குப் பிறகு மூப்பர் கூட்டத்தில் சினிமாவைப் பற்றிப் பேசவில்லை.

இவ்வளவு சொல்கிற நான் அப்போது ஒரு படம்கூடப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? அப்பாவுக்குப் பிடிக்காது, கேட்டுப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. பார்க்காத படங்களின் கதைகளை மூன்று வருஷம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கிற பெண்களை மலையில் நின்று மேற்பார்வை செய்கிற வேலை. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் அவரைக் கெட்டவர் என்று சொல்லாதபோதும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு மேலே தோட்டத்துப் பெரிய அதிகாரியான துரை இருந்தார். துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் மலைவளைவில் கேட்டால் அப்பாவின் முகம் மாறிப்போகும். அந்த முகத்தோடு அவர் பெண்களிடம் பேசுவதை நான் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பத்திரிகை தோட்டத்தில் வாசிக்கப்படும் விதம் ஒன்று உண்டு. எங்கள் தோட்டத்துக்கு வருவது இரண்டே பிரதிகள். ஒன்று அப்பாவுக்கு. மற்றது தகரக்கூரை போட்ட ஜெபக்கூடத்துக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் ஜெபம் முடிந்ததும் அதை யாராவது உரக்க வாசிப்பார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்களில் பதினைந்துக்குள்தான். ஆனால் அந்த ஞாயிறு மட்டும் கூடம் நிறைந்துவிடும். லயம் என்கிற வரிசைவீடுகளிலிருந்து பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு வந்து வாசலில் நிற்பார்கள். “ஜெபம் முடிஞ்சிருச்சா, கதை ஆரம்பிச்சிருச்சா?” என்று மெதுவாகக் கேட்பார்கள். படம் பார்க்க டவுனுக்குப் போய்வர முடியாதவர்களுக்கு அந்தப் பக்கம்தான் கொட்டகை.

அப்படி வாசிக்கிறவள் பெரும்பாலும் எஸ்தர். கொழுந்து பறிக்கிற பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள். குரல் கணீரென்று இருக்கும். கதையில் வில்லன் பேசினால் அவள் குரலும் கரகரக்கும். வேதவசனம் வந்தால் நிதானப்படும். அவள் வாசிக்கும்போது பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள், திட்டுவார்கள், “அவன விட்டுட்டு வா புள்ள” என்று கதாநாயகிக்குப் புத்தி சொல்வார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் எஸ்தர் வந்தாள். கூடை இன்னும் முதுகில் இருந்தது. கோடு போட்ட கொப்பித்தாள் நான்கு, பென்சிலால் எழுதியவை, இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். தம்பியோடு ஹட்டனுக்குப் போய் ஒரு படம் பார்த்தாளாம். அதை வைத்து அவளே ‘படமும் பாடமும்’ எழுதியிருக்கிறாள்.

படத்தின் கதை இதுதான்: ஏழைத் தாய் ஒருத்தி கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு பெரிய வீட்டில் வேலைக்குப் போகிறாள். அந்த வீட்டுக் குழந்தை அழும்போதெல்லாம் அவளுக்குத் தன் பிள்ளை நினைவு வருகிறது. கொட்டகையில் எல்லாரும் அழுதார்கள், துரைமார் வீட்டு ஆயாக்களும் அழுதார்கள் என்று எஸ்தர் எழுதியிருந்தாள். அதிலிருந்து அவள் வேதத்துக்குப் போன வழியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பிள்ளையைக் காப்பாற்ற நாணற்பெட்டியில் வைத்து ஆற்றோரம் விட்ட தாயை நேராகப் போய்த் தொட்டுவிட்டாள். அந்தப் பிள்ளையை எடுத்த அரசகுமாரி, யாரென்று தெரியாமலே பெற்ற தாயையே கூப்பிட்டு, இதற்குப் பால் கொடு என்று கூலிக்கு வைத்துக்கொண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிவிட்டு எஸ்தர் எழுதிய வரி இது:

“அந்தத் தாய்க்குத் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூலி கொடுத்தார்கள். எங்கள் பாக்கியம் அக்காவைத் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பிந்தி வந்ததற்காக மலையிலிருந்து விரட்டிவிட்டார்கள்.”

தோட்டம் அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். ஓர் ஆயா அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். நடுவில் ஒரு தடவை தாய்மார் இறங்கிவந்து பால் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். தூரத்து மலையில் பறிப்பு என்றால் போய்வரவே அந்த நேரம் சரியாகிவிடும். பாக்கியத்தின் பிள்ளைக்குச் சளி. மூக்கடைத்து, உறிஞ்ச முடியாமல் விட்டு விட்டுக் குடித்திருக்கிறது. அவள் மலைக்குத் திரும்பியபோது, இனிமேல் இன்றைக்கு வேலை இல்லை, போ என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். எஸ்தர் பெயர் எழுதவில்லை. எங்கள் தோட்டத்தில் பெயர் எழுதத் தேவையில்லை.

நான் வாசித்து முடிக்கும்வரை எஸ்தர் கூடையை இறக்காமல் நின்றாள்.

“பாக்கியம் அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுனேன். எழுது புள்ளன்னாங்க. நீங்க வேணாம்னு நெனச்சா இப்பவே சொல்லிருங்க டீச்சர். நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே வழி விட்டு நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நல்லாருக்கு எஸ்தர். ரெண்டு மூணு எழுத்துப்பிழைதான்” என்றேன். நன்றாகத்தான் இருந்தது, அது பொய் இல்லை. ஜெபராஜ் அண்ணன் அதை இரண்டு தடவை வாசித்தார். இதுவரை நாம் போட்டதிலேயே இதுதான் ‘படமும் பாடமும்’ என்றார். உங்கள் தோட்டத்து விஷயம், உங்களுக்குச் சம்மதம்தானே என்று என்னிடமும் கேட்டார். நான் தலையாட்டினேன். அந்த மாதிரி நேரங்களில் எனக்குத் தலை தன்பாட்டில் ஆடும்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. கோயிலறையில் நான் மட்டும். அண்ணன் கடையிலிருந்து வர மத்தியானம் ஆகும். எஸ்தரின் கட்டுரையை எழுதிக்கொண்டே வந்து அந்த வரியையும் எழுதினேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. பிறகு குப்பியைத் திறந்தேன்.

ஏன் என்று அன்றைக்கே எனக்குள் நிறையக் காரணம் சொல்லிக்கொண்டேன். பத்திரிகை பொகவந்தலாவை வரைக்கும் போகிறது, எந்தத் துரை கண்ணிலாவது பட்டால் எஸ்தரின் குடும்பத்துக்கு லயத்தில் இடம் இருக்குமா? பத்திரிகையைத்தான் நடத்தவிடுவார்களா? பாக்கியம் யோசிக்காமல் சரி சொல்லியிருக்கலாம், அவளுக்கு இதனால் இன்னும் கஷ்டம் வராதா? எல்லாம் நியாயமான காரணங்கள். இப்போதும் யாராவது கேட்டால் அவற்றையேதான் சொல்லுவேன் போலிருக்கிறது. ஆனால் தூரிகையைத் தொட்டபோது என் கண் முன்னால் இருந்தது எஸ்தரும் இல்லை, பாக்கியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாய்நாற்காலியில் பத்திரிகையை விரிக்கிற அப்பா.

தடவிக் காயவிட்டேன். இரண்டு வரி இடம் வெறுமையாகக் கிடந்தது. வெறுமையாக விட்டால் ஏதோ அழித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால், எந்த நிலையிலும் சந்தோஷமாக இருக்கச் சொல்லுகிற ஒரு வசனத்தை அங்கே எழுதினேன். அளவாகப் பொருந்திவிட்டது. அண்ணன் வந்து அவசரமாக மெஷினைச் சுற்றினார். வாசித்துப் பார்க்க நேரமில்லை. எழுதியவள் நான் என்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அப்பா அதை ஞாயிற்றுக்கிழமை வாசித்தார். வழக்கம்போல ஒரு பக்கமும் விடாமல் வாசித்து முடித்துவிட்டு, “அந்த எஸ்தரு புள்ள நல்லா எழுதியிருக்கு. கடைசில வசனத்தக் கொண்டுவந்து முடிச்சிருக்கு பாரு” என்றார். நான் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

பிற்பகல் ஜெபக்கூடத்தில் அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. எஸ்தர் தானே எழுதியது வந்திருக்கிறது என்று லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. வாசலில் நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முன்வரிசையில் பாக்கியம், மடியில் அந்தப் பிள்ளை. நல்ல சேலை கட்டி, தலைவாரிப் பூ வைத்து வந்திருந்தாள். அவளைப் பற்றி எழுதியிருக்கிறது அல்லவா. நான் ஜன்னலோரம் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். வராமல் இருந்திருக்கலாம். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். வந்தேன், டீச்சர் வராவிட்டால் கேட்பார்களே.

எஸ்தர் படக்கதையைச் சொன்னபோது எல்லாரும் அழுதார்கள். நாணற்பெட்டி வந்தபோது கூடம் மூச்சுவிடவில்லை. கூலிக்கு வைத்துக்கொண்டாள் என்பதுவரைக்கும் எஸ்தர் தாளைப் பார்க்கவேயில்லை. முழுவதும் அவளுக்குப் பாடம். அடுத்த வரியைச் சொல்ல வாயெடுத்தவள், ஏனோ அங்கே மட்டும் குனிந்து தாளைப் பார்த்தாள். அச்சில் வந்திருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாள்.

நின்றுவிட்டாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம். பிறகு தலையை நிமிர்த்தி ஜன்னல்பக்கம் என்னைப் பார்த்தாள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா?

அவள் மனப்பாடமாகவே அந்த வரியைச் சொல்லியிருக்கலாம். இதை எழுதியவள் நான், அழித்தவர் அதோ இருக்கிறார் என்று கையைக் காட்டியிருக்கலாம். நான் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். எஸ்தர் குனிந்து, அங்கே இருந்த வசனத்தை, தான் எழுதியதைப்போலவே, நிதானமாக வாசித்தாள். தாளை மடித்தாள்.

“அவ்வளவுதானா எஸ்தரு?” என்று பாக்கியம் கேட்டாள்.

“அவ்வளவுதாங்க்கா.”

பின்னாலிருந்து யாரோ, “கணக்கப்புள்ள ஐயா மகளும் இருக்காங்கல்ல, பயம் வந்திருக்கும்” என்றார்கள். சிலர் சிரித்தார்கள். பாக்கியம் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு மலையில் எஸ்தருக்கு ஒரு கேலி ஒட்டிக்கொண்டது. மழையில் நனைந்து நடுங்கினாலும், அட்டை கடித்தாலும், பக்கத்து நிரையிலிருந்து எவளாவது கேட்பாளாம்: “என்ன எஸ்தரு, சந்தோஷமா இருக்கியா?” பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை வீட்டிலிருந்து கேட்டுவந்து தங்களுக்குள் சொல்லி விளையாடியதால்தான் எனக்கே தெரியும். எஸ்தர் அப்புறம் எழுதவில்லை. உரக்க வாசிக்கவும் வரவில்லை. தொண்டை சரியில்லை என்றாள். என்னை வழியில் கண்டால், “நல்லாருக்கீங்களா டீச்சர்” என்று முன்பு மாதிரியேதான் கேட்டாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். கேட்டால் அவள் மறந்துபோனதை நினைவுபடுத்துவதாகாதா என்று விட்டுவிட்டேன். மறந்திருப்பாள் என்று உண்மையிலேயே நினைத்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பத்திரிகை அடுத்த வருஷம் நின்றது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஜெபராஜ் அண்ணனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணம் ஆகி லிந்துலைக்கு வந்தேன். எஸ்தருக்கும் அதே தோட்டத்தில் கல்யாணம் ஆனது.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்ட யார் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாக்கியம். தோட்டத்தில் அதற்குக் கைராசிக்காரி அவள்தானாம். எனக்கோ முதல் நாட்களில் பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை வீரிட்டு அழுவாள். நானும் கூடச் சேர்ந்து அழுவேன். கத்தாம அமைதியா உக்காருங்க டீச்சரம்மா, நீங்க பயந்தா அதுக்கும் தெரியும் என்று பாக்கியம்தான் முதுகைத் தடவி, பிள்ளையின் வாயைப் பொருத்திக் கொடுத்தாள். இந்தக் கையைத்தான் அப்பா மலையிலிருந்து போகச் சொன்னார். இந்தப் பெண்ணைப் பற்றிய வரியைத்தான் நான் மூடினேன்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, அவள் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு எஸ்தர் உங்களப் பத்தி எழுதித்தான் இருந்தா. அத அழிச்சது நான்.”

பாக்கியத்தின் கை நிற்கவில்லை.

“எழுதுச்சுன்னு எனக்குத் தெரியுங்க. அன்னைக்கு அந்தியிலயே எங்க காம்பராவுக்கு வந்து, அந்த வரிய அப்படியே சொல்லிக் காட்டிருச்சு. பத்திரிகைல எடம் பத்தலக்கா, அதான் விட்டுட்டாங்கன்னு சொல்லிச்சு.” இன்னொரு செம்பு ஊற்றினாள். “நீங்கன்னு சொல்லல.”

நான் துண்டை எடுத்து மடியில் விரித்தேன்.

“என்கிட்ட சொல்லி என்ன டீச்சரம்மா செய்ய? மலையில அத்தன பேரு பேச்சையும் வாங்கிக்கிட்டது அந்தப் புள்ளைல்ல. அதுகிட்ட சொல்லுங்க. மாமனாரு குடும்பத்தோட இந்தியாவுக்குப் போகுதுங்க, சாமானெல்லாம் வித்தாச்சு.” பிறகு, “தலையப் புடிங்க, கண்ணுல தண்ணி போகுது” என்றாள்.

எஸ்தர் அப்போது புருஷன் வீட்டாரின் உறவுக்காரர்களிடம் பயணம் சொல்லப் பொகவந்தலாவைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் லிந்துலைக்கு வர வேண்டியதாகிவிட்டது. ரயிலேறுகிற நாளைப் பாக்கியம் சொல்லியனுப்பினாள். மூன்று மாதக் குழந்தையைத் துண்டால் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். பனியில் பிள்ளையைக் கொண்டுபோகலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நானும் அதையேதான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு காரணம் நுழைந்துவிடும்; அதை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். கடைசியில் ‘அழித்தது நான், தப்பு என்னுடையது’ என்பது மட்டும் மிஞ்சியது.

இரண்டு அரசாங்கங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம், ஸ்டேஷன் நிறைய ஜனம். போகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகம். ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தகரப்பெட்டிகளும் மூட்டைகளும் தாண்டிப் பார்த்தபோது, மேடையின் அந்தக் கோடியில் எஸ்தர் தெரிந்தாள். பச்சைச் சேலை. இடுப்பில் ஒரு பிள்ளை. அவளைச் சுற்றி மலையில் அவளோடு பறித்த பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைத்தேன். கேலி செய்த காதுகளும் கேட்கட்டும். அந்த நினைப்பு வந்ததற்கு இன்றைக்கும் கொஞ்சம் சந்தோஷப்படுகிறேன்.

அப்போது பிள்ளை அழ ஆரம்பித்தாள். சும்மா சிணுங்கல் இல்லை, பசி அழுகை. பஸ்ஸிலேயே நேரம் தவறிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு என் மார்பிலிருந்து பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஐந்து நிமிஷம் போதும் என்று பெண்கள் தங்கும் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். பிள்ளைக்கும் அன்றைக்கு மூக்கடைப்பு. ஒரு வாய் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி தேடுவாள். வெளியே ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இழுத்துவிட்டு எழுந்து ஓட நினைத்தேன். வாயைப் பிடுங்கினால் வீரிட்டுக் கத்தினாள். மறுபடி உட்கார்ந்தேன்.

நான் வெளியே வந்தபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டிகளோடு ஓடுகிறவர்களுக்கு நடுவில், ஒரு ஜன்னலில் பச்சைச் சேலைக் கை அசைந்தது. எனக்கா, எனக்குப் பின்னால் நின்று அழுத பெண்களுக்கா, தெரியாது.

மேடை காலியாகத் தொடங்கியதும் ஒரு போர்ட்டர் என்னைப் பார்த்துவிட்டு, யாரையாவது அனுப்ப வந்தீர்களா, தவறவிட்டுவிட்டீர்களா என்று கேட்டார்.

“புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தேங்க. பிந்திருச்சு” என்றேன்.

“அதுக்கென்னம்மா. புள்ளதானே முக்கியம்” என்று சொல்லி, உட்காரும்படி பெஞ்சில் கிடந்த மூட்டையை நகர்த்திக்கொடுத்தார்.

அங்கே போய்ச் சேர்ந்தபின் எஸ்தர் யாருக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் என் கைக்கு விலாசம் வரவில்லை. கோயிலறையில் இப்போது மெஷின் இல்லை. இரும்பு விலைக்குப் போய்விட்டதாம். ‘வாலிபர் சாளரம்’ ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை. போன மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஜெபக்கூடத்துக்கும் போய்ப் பார்த்தேன். கிறிஸ்தவக் குடும்பங்களில் மூன்றுதான் மிச்சம். பாக்கியம் வீட்டாரும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அவள் இருந்த காம்பராவில் யாரோ புதியவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அது. ஜெபம் முடிந்ததும் கதவைச் சாத்தினார்கள். கதை ஆரம்பித்துவிட்டதா என்று கேட்க வாசலில் யாரும் நிற்கவில்லை. எழுதினவள் எஸ்தர், அழித்தவள் நான் என்று இப்போது எனக்குத் தடுமாறாமல் சொல்ல வருகிறது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தவர்களில் ஒருவர்கூட இந்த மலையில் இல்லை.